ஆறாம் நாள் தலைக்கு ஊற்றினேன்

என் மகளுக்குத் திரும்பவும் காய்ச்சல் வந்ததற்கு நான்தான் காரணம் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்த தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறாய், கிழித்துப் போடு என்கிறார் என் வீட்டுக்காரர். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சொல்வது சுலபம். நான் கிழிக்கவில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். பி.எஸ்சி. விவசாயம் படித்தவள் என்பதால் லைசென்ஸ் என் பெயரில். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்த்து, "கடைக்காரர் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். நான்தான் கடைக்காரர் என்று சொல்லிச் சொல்லியே எனக்குக் குரல் பெரிதாகிவிட்டது. பிறவியிலேயே சண்டைக்காரி என்று சொந்தத்தில் பேச்சு. இருக்கட்டும்.

அந்த ஐப்பசியில் மகளுக்கு ஏழு வயது. அடைமழை, வாய்க்காலும் சாக்கடையும் ஒன்றாக ஓடிய வாரம். நாலு நாள் விடாமல் காய்ச்சல் அடித்ததும் பக்கத்து டவுனில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனேன். ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். கைராசிக்கார டாக்டர் என்று பெயர் வாங்கியவர் அவர். காலையும் மாலையும் ஊசி, பத்து நாளாவது போட வேண்டும் என்றார். நியாயமாகத்தான் சொன்னார். டைபாய்டுக்கு அந்த ஊசி தேவைதான், அதில் நான் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஊசி ஆரம்பித்த ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஊசிக்கு மட்டும் ரெண்டு வேளை வந்துட்டுப் போங்க" என்று கையில் ஏற்றிய குழாயை எடுக்காமல், மேலே பிளாஸ்திரி சுற்றி அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். ஒன்பது நாள் அழுக்கு. முடி சடையாகிக் கிடந்தது, வியர்வையும் மருந்து வாடையுமாக அவளாலேயே பொறுக்க முடியவில்லை, சொறிந்துகொண்டே இருந்தாள். வெந்நீர் வைத்து, குழாய் இருந்த கைக்குப் பிளாஸ்டிக் பை கட்டி, சிரித்துப் பேசிக்கொண்டே ஊற்றினேன். துவட்டி சாம்பிராணி காட்டும்போது நாத்தனார் உள்ளே வந்தார். அவர் என் கணவரின் அக்கா, அடுத்த தெருவில் வீடு. நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"ஏம்மா, ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போதே தலைக்கு ஊத்திட்டியா?"

"காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆச்சு அண்ணி."

"விட்டா? மருந்து உள்ள ஓடிக்கிட்டு இருக்கும்போது குளுமை பட்டா என்னாவும்னு உனக்குத் தெரியாதா? நீ படிச்சவ, உனக்கு யார் சொல்றது."

எங்கள் பக்கத்தில் உடம்புக்கு முடியாமல் கிடந்த பிள்ளைக்கு முதல் தடவை தலைக்கு ஊற்றுவது சின்ன விஷயமில்லை. நாள் பார்ப்பார்கள், கிழமை பார்ப்பார்கள், நாலு பேரைக் கேட்பார்கள். அப்படிக் கேட்காமல் ஊற்றிவிட்டால், அதற்கப்புறம் பிள்ளை தும்மினாலும் ஊற்றியவள் தலையில்தான் விடியும். எனக்கும் அது தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் நூற்று மூன்று.

வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்து, "உனக்கு அப்படி என்ன அவசரம்? ரெண்டு நாள் பொறுத்து ஊத்தியிருக்கலாம்ல?" என்றார். மறுநாள் காலை திரும்ப அட்மிட். நர்ஸ் பிள்ளையின் முடியைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்: "தலைக்கு ஊத்தினீங்களா? அதான்." டாக்டர் வந்தார். நர்ஸ் அவரிடம் முதலில் சொன்னதும் அதைத்தான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க?" என்றார். நாலே நாளில் இரண்டு பேர் என் படிப்பை விசாரித்தது அதுதான் முதல் தடவை.

பழைய ஊசியை நிறுத்தாமல் அதோடு இன்னொரு ஊசியும் சேர்த்தார்கள். "இது கொஞ்சம் ஸ்ட்ராங்கு" என்றார்கள். மருந்தை நாமே கீழே கடையில் வாங்கிக்கொண்டுவந்து நர்ஸ் கையில் கொடுக்க வேண்டும். முதல் ஊசியிலிருந்தே ஒவ்வொரு வேளையும் காலி அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடாமல் கிழித்து, மேல்மடலை மட்டும் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எதற்கென்று யோசித்துச் செய்யவில்லை. கடையில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது சொல்வேன், "காலி டப்பாவைக் கொண்டாங்க, பேர் தெரியாம நான் என்ன சொல்றது" என்று. அந்தப் பழக்கம்.

அதற்கப்புறம் நாலு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு சாயங்காலமும் காய்ச்சல் ஏறும். நூற்று இரண்டு, நூற்று மூன்று. டெங்கு பார்த்தார்கள், மலேரியா பார்த்தார்கள், சிறுநீர் பார்த்தார்கள், நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. அந்த நூற்று மூன்றில் என் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கலர் பென்சிலில் மயில் வரைந்துகொண்டிருந்தாள். பசிக்கிறது என்றாள். மூன்று இட்லி தின்றாள். எதிர்க்கட்டில் அம்மா எட்டிப்பார்த்து, "இந்தப் பிள்ளைக்கா காய்ச்சல்?" என்று கேட்டார். மருத்துவம் படிக்காத ஒருத்திக்குத் தோன்றிய அந்தக் கேள்வி, ரவுண்ட்ஸ் வந்த யாருக்கும் தோன்றவில்லை.

தெர்மாமீட்டர் வைக்க வந்தால் மட்டும் அவள் மாறிவிடுவாள். கையை விலாவோடு ஒட்டி இறுக்கிக்கொண்டு, "எனக்குக் காய்ச்சல் இல்லம்மா, நிசமா இல்ல" என்பாள். ஒருநாள் நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள், பீப் சத்தம் வரும் முன்பே அதை வெளியே எடுத்து அணைத்துவிட்டாள். திட்டினேன். ஊசிக்குப் பயந்து அப்படிச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

நான் எனக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஊற்றியதால்தான் வந்தது என்று பாதி நம்பிவிட்டேன். கிருமி வேறு, குளியல் வேறு என்று பாடம் படித்தவள்தான். ஆனால் எட்டுப் பக்கமும் ஒரே சொல்லைச் சொன்னால் படிப்பு எங்கே நிற்கும்? அண்ணி வீட்டிலிருந்து ரசம் சாதம் கொண்டுவந்து ஊட்டிக்கொண்டே, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "தலைக்கு ஊத்தினதுதான்" என்று சொல்லுவார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தப் பிள்ளை மேல் அவருக்கு உயிர். பிள்ளை ஒவ்வொரு வாய்க்கும் அத்தையைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம், தஞ்சாவூர் கொண்டுபோங்கள், மதியம் கடிதம் தருகிறேன் என்றார். எலும்பில் எதற்கு என்று கேட்டேன். "காய்ச்சல் ஏன்னு தெரியலைன்னா கேன்சர் மாதிரி எதுவும் இருக்கான்னும் பார்க்கணும்மா" என்றார், பஸ் நேரம் சொல்லுகிற மாதிரி. காரிடார் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அப்போது போன் அடித்தது. வாடிக்கையாக வரும் விவசாயி. சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு என்று மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்திருக்கிறார். இப்போது நுனியெல்லாம் கருகுகிறதாம்.

"நோய் வந்துடுச்சுங்க. பூஞ்சாணத்துக்கு எதாச்சும் சொல்லுங்க, இன்னைக்கே அடிச்சுடுறேன்."

மற்ற நாளாக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன். அன்று சலித்துப்போய் ஒரே மூச்சில் சொன்னேன். "அடிச்சு எத்தனாவது நாள் கருகுச்சு? புதுசா வந்த குருத்து பச்சையாத்தானே இருக்கு? அப்ப நோய் இல்லைங்க. மருந்து கருக்கியிருக்கு. இதுக்கு மேல எதையாவது அடிச்சீங்கன்னா பயிர் போயிடும். ஒண்ணும் அடிக்காதீங்க. சும்மா விடுங்க, தானா திரும்பும்."

போனை வைத்தேன். குருத்து பச்சையாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டேனே, உள்ளே என் பிள்ளை மூன்று இட்லி தின்றுவிட்டு மயிலுக்குத் தோகை வரைந்துகொண்டிருக்கிறாள்.

நேரே டாக்டர் அறைக்குள் போனேன். டோக்கன் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"டாக்டர், முதல்ல போட்ட ஊசியோட டெக்னிக்கல் என்னங்க?"

எங்கள் தொழிலில் மருந்தின் உள்ளே இருக்கும் சரக்குக்கு டெக்னிக்கல் என்றுதான் பெயர். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்து விற்பார்கள், டெக்னிக்கல் ஒன்றாகவே இருக்கும். அவருக்குப் புரியவில்லை. அட்டை மடலை மேஜைமேல் வைத்தேன்.

"இந்த மருந்தே காய்ச்சலைக் கொண்டாருமாங்க? ஒரு வாரம் போட்டப்புறம்தானே திரும்ப வந்துச்சு. பிள்ளை நல்லா சாப்பிடுறா, விளையாடுறா. ரெண்டு நாள் நிறுத்திப் பார்க்கலாமா?"

"நீங்க என்ன பண்றீங்க?"

"உரக்கடை வெச்சிருக்கேங்க."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தார். "நெல்லுக்கு நீங்க பாருங்க, பிள்ளைக்கு நான் பார்க்கிறேன்" என்றார். அப்படி மருந்தால் காய்ச்சல் வருவது இல்லாத ஒன்று என்று அவர் சொல்லியிருந்தால், தெரியாமல் சொல்கிறார் என்று விட்டிருப்பேன். அவர் இல்லை என்று சொல்லவில்லை. "அதெல்லாம் ரொம்ப அபூர்வம்மா" என்றார். அபூர்வம் என்றால் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நாலு நாளாக அதை ஒரு தடவைகூட யோசித்துப் பார்க்கவில்லை, தலைக்கு ஊற்றியதை மட்டும் நாலு நாளும் யோசித்திருக்கிறார்.

மதியம் கடிதம் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில். படித்தேன். இத்தனை நாள் காய்ச்சல், இன்னின்ன சோதனை, எல்லாம் இருந்தது. "ஆறாம் நாள் தாய் தலைக்குக் குளிப்பாட்டியதையடுத்துக் காய்ச்சல் திரும்பியது" என்று ஒரு முழு வரி இருந்தது. எந்த ஊசி, என்றைக்கு ஆரம்பித்தது, எத்தனை நாள் போட்டது என்பது மட்டும் இல்லை. "தகுந்த ஊசி மருந்துகள் கொடுக்கப்பட்டன." அவ்வளவுதான். நான் ஊற்றிய நாலு செம்பு வெந்நீருக்குத் தேதி உண்டு, அவர் ஏற்றிய மருந்துக்குப் பெயர்கூடக் கிடையாது.

மறுநாள் காலை காரில் தஞ்சாவூர். குழந்தைகளைப் பார்க்கிற ஒரு டாக்டரம்மா. வயது நாற்பது இருக்கும், முகத்தில் தூக்கமே இல்லை. கடிதத்தைப் படித்தார். தலைக்குக் குளிப்பாட்டிய வரிக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கினார். "என்ன ஊசி போட்டாங்க?" என்று என்னைக் கேட்டார்.

கைப்பையைக் கவிழ்த்தேன். அட்டை மடல்கள் மேஜையெல்லாம் விழுந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதியும் வேளையும் பேனாவில் எழுதியிருந்தேன். அவர் சீட்டு அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கினார். பிள்ளையின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். அங்கே லேசாகச் சிவப்புப் புள்ளிகள். வேர்க்குரு என்று நான் பவுடர் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு பழைய ரத்த ரிப்போர்ட்டில் ஒரு வரியில் விரலை வைத்தார். ஈசினோபில் என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. உடம்புக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாதபோது ஏறுகிற அணு அது, கூடுதலாக இருந்தால் மெஷினே தடித்த எழுத்தில் போட்டுவிடும் என்றார். அதாவது மெஷின் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"பிள்ளை நல்லா சாப்பிடுதா?"

"மூணு இட்லிங்க."

"டைபாய்டுக்குப் போட வேண்டியதெல்லாம் போட்டாச்சு. ரெண்டு ஊசியையும் நிறுத்திடுறேன். இங்கேயே வெச்சுப் பார்ப்போம். எலும்புல எல்லாம் இப்ப கை வெக்க வேணாம்."

"மருந்தாலதாங்களா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிடும்."

முதல் நாள் சாயங்காலம் நூற்று இரண்டு. நான் சாமி கும்பிடவில்லை, திட்டிக்கொண்டிருந்தேன். யாரையென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அடுத்த நாள் நூறு. மூன்றாம் நாள் காலையும் சாயங்காலமும் காய்ச்சலே இல்லை. நிறுத்தியது ஒன்றுதான் மருத்துவம். அதற்கு ஊசி தேவைப்படவில்லை, எலும்பு தேவைப்படவில்லை, நாலு நாள் முன்பே செய்திருக்கலாம்.

டாக்டரம்மா ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில், முதலில் போட்ட ஊசியின் பெயரைப் போட்டு, இந்த மருந்து இந்தப் பிள்ளைக்கு இனி போடக்கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை போட்டால் வெறும் காய்ச்சலோடு நிற்காமல் போகலாம், எங்கே போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றார். பிள்ளைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்.

ஊர் திரும்பிய வாரமே நர்சிங் ஹோமுக்குப் போனேன். எங்கள் வட்டாரத்தில் திடீரென்று பிள்ளைக்கு ஒன்றென்றால் ஓடுகிற இடம் அதுதான். நான் கடையில் இருக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அங்கே தூக்கிக்கொண்டு போனால்? பழைய பேப்பரை எடுப்பார்கள், அதில் அம்மா தலைக்கு ஊற்றினாள் என்றிருக்கும், அதே ஊசியைப் போடுவார்கள். அதனால் உங்கள் பதிவேட்டிலும் இந்த மருந்து ஆகாது என்று எழுதுங்கள், அந்தக் குளியல் வரியை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்டேன், சண்டைக்குப் போகவில்லை.

டாக்டர் தஞ்சாவூர் ஃபைலைப் புரட்டிவிட்டு மேஜைமேல் வைத்தார். "பிள்ளை நல்லாயிடுச்சுல்ல? அப்புறம் என்னம்மா?"

"எழுதுங்க டாக்டர்."

"இதையெல்லாம் எழுத ஆரம்பிச்சா நாளைக்கு ஒருத்தரும் ஊசி போட்டுக்க மாட்டாங்க."

"தலைக்கு ஊத்தினதை எழுதினீங்களே? அதனால நாளைக்கு ஒருத்தரும் குளிக்க மாட்டாங்கன்னு யோசிச்சீங்களா?"

அவர் மணியை அடித்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தேன். ஒரு மருந்து ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது யார் குற்றமும் இல்லை. நானும்தான் கடையில், கேட்டார்கள் என்பதற்காக ஒன்றுக்கு மேல் ஒன்றாக எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டு. ஆனால் கருகிய பயிரைப் பார்த்தால் நான் கொடுத்த டப்பாவைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். பயிர்க்காரன் பெண்டாட்டி வயலில் எந்தக் காலை வைத்து இறங்கினாள் என்று கேட்க மாட்டேன்.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "எதுவோ, பிள்ளை எழுந்துட்டா. அது போதும். ஆனா நீ அன்னைக்குத் தலைக்கு ஊத்தினதும் தப்புதான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய.

டாக்டரம்மா தாராளமாக ஊற்றுங்கள் என்று சொல்லியே அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டுக் கொல்லையில் வெயில் விழுந்தது. வெந்நீர் வைத்தேன். கையில் குழாய் இல்லை, பிளாஸ்டிக் பை இல்லை. மணைப்பலகையில் உட்காரவைத்து முதல் செம்பை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கதவைச் சாத்திட்டு ஊத்தும்மா. அத்தை வந்துடப் போறாங்க."

"வந்தா வரட்டும். டாக்டரம்மாவே சொன்னாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஊற்றினேன். தண்ணீர் வழியும் முகத்தோடு, என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னாள்.

"திரும்பக் காய்ச்சல் வந்தாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா. அன்னைக்கும் அதுக்குத்தான் காய்ச்சல் பார்க்கிற மெஷினை அணைச்சேன். உன்னைத் திட்டுவாங்கல்ல."

செம்பு என் கையிலேயே இருந்தது. அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம்தான், உச்சி வரைக்கும். ஏழு வயதுப் பிள்ளை, உடம்பில் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போது, தன் காய்ச்சலைத் தன் அம்மாவுக்காக ஒளித்து வைத்திருக்கிறாள். எழுந்து போய்க் கொல்லைக் கதவை விரியத் திறந்துவைத்தேன். திரும்பி வந்து அவள் முகவாயைப் பிடித்துத் தூக்கி, "உனக்குக் காய்ச்சல் வந்தா அது யார் தப்பும் இல்லை. முதல்ல அம்மாகிட்ட சொல்லணும். சொல்லுவியா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். மீதித் தண்ணீரையும் ஊற்றினேன்.

இப்போது ஒன்பது வயது அவளுக்கு. அந்த மருந்தின் பெயரை, என் கடைக்கு வருகிறவர்கள் வேடிக்கைக்குக் கேட்டால்கூட, எழுத்துப் பிசகாமல் சொல்வாள். நெற்றியில் நான் கை வைத்தால் மட்டும் இன்னும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, நான் கேட்பதற்கு முன்பே "இல்லம்மா" என்கிறாள்.